நெல்லின் ஆதரவு விலையும் உலக வர்த்தக உடன்படிக்கையும்

சர்க்கார் ஆதரவு விலையில் நெல் கொள்முதல் செய்வதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். அவ்வுதவிக்குப் பிற தேசங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஓர் எல்லை உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

விவசாயிக்குச் சர்க்கார் அளிக்கும் உதவியை அளக்கும் முறையொன்றை, 1970-களில் டிம் ஜாஸ்லிங் என்னும் பொருளாதார நிபுணர் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்திற்காக வகுத்தார். பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கூடி அதனை விருத்தி செய்தனர். 1995 ஜனவரியில் அமலுக்கு வந்த விவசாய உடன்படிக்கையின் கணக்கும் அதனைத் தழுவியதே.

கணக்கு வருமாறு: ஆதரவு விலையிலிருந்து 1986-88 வருஷங்களின் அன்னியச் சந்தை விலையைக் கழித்து, மீதியை ஆதரவு பெறும் தானியத்தின் அளவால் பெருக்க வேண்டும். வரும் தொகை, இந்தியாவைப் பொறுத்தவரை, அப்பயிரின் மொத்த விளைச்சல் மதிப்பில் 100-க்கு 10-ஐ மீறலாகாது. பழைய விலை மாறாது நிற்க ஆதரவு விலை ஏறுவதால், உதவி உள்ளதினும் பெரிதாகத் தோன்றுகிறது.

2018-19-ல் 4,367 கோடி டாலர் மதிப்புள்ள அரிசி விளைச்சலுக்கு உதவி 500 கோடி டாலர் எனக் கணக்காயிற்று, எல்லை தாண்டப்பட்டது. பாலித் தீவில் 2013-ல் செய்த தற்காலிக ஏற்பாட்டையே இந்தியா துணைக்கொண்டது. 2024-ல் அபுதாபியில் கூடிய மந்திரிகள் மகாநாட்டிலும் நிரந்தர முடிவு ஏற்படவில்லை.

விளைச்சல் மதிப்புக் குறைத்துக் கணக்கிடப்பட்டால் எல்லையும் குறுகும். அம்மதிப்புக்கு ஆதாரம் சாகுபடிப் பரப்பும் மகசூலுமாம். ஆகவே, கிராம உத்தியோகஸ்தர்கள் பயிரை நேரில் பார்வையிட்டு அடங்கலில் பிழையறப் பதிவதும், மிராசுதார்கள் அறுவடைப் பரிசோதனைக்கு மனமுவந்து இடங்கொடுப்பதும் இன்றியமையாதன.