நகர நிலமும் கலைஞர் கூட்டுறவும்

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே, எல்பே நதியை நோக்கியவாறு சென்ற் பவுலி என்னும் நெருக்கமான குடியிருப்புப் பகுதி அமைந்துளது. வறியோரும் பிறநாட்டினின்று வந்து குடியேறியோரும் மிகுந்த அப்பகுதியிலே மரநிழல் அரிது. ஆற்றங்கரை மேட்டில் எஞ்சிக் கிடந்த வெற்று நிலத்திலே மாடிக் கட்டடங்களை எழுப்ப 1990களின் நடுப்பகுதியில் நகர ஆட்சியினர் எண்ணினர். அவை எழுந்திருப்பின், அயலார்க்கு நதியின் காட்சியும் மறைந்திருக்கும்.

இத்தகைய வேளைகளில் மக்கள் மனு எழுதுவர், ஊர்வலம் போவர். இவர்களோ அவற்றோடு நின்றுவிடவில்லை. கிறிஸ்தோப் ஷேபர், கத்தி ஸ்கீன் முதலிய கலைஞரும், அயலிலுள்ள தேவாலயத்தாரும், பாடசாலையினரும், கடைக்காரரும் ஒருவரோடொருவர் தொடர்புபூண்டு, ‘பார்க் பிக்ஷன்’, அதாவது ‘கற்பனைப் பூங்கா’, என்ற பெயரில் இயங்கலாயினர். பூங்கா ஏற்கெனவே உண்டாகிவிட்டது போலவே அவர்கள் நடந்துகொண்டனர். விழா, கண்காட்சி, திரைப்படம், பூங்காக்களைப் பற்றிய விரிவுரை எனப் பலவற்றை அங்கும் அயலிலும் நடத்தினர். காகிதத்திலே இல்லாத பூங்கா மக்களின் பழக்கத்திலே வந்துவிட்டது.

ஆட்சியினர் 1997 இல் இணங்கினர். இது கலையின் வல்லமையால் மட்டும் நிகழ்ந்தது என்பது மிகையாகும். அருகிலுள்ள துறைமுக வீதி வீடுகளிலே 1981 முதல் இளைஞர் அனுமதியின்றிக் குடிபுகுந்திருந்தனர். 1987 இல் தடையரண் எழுப்பிப் பொலிசாரை எதிர்த்தும் நின்றனர். அந்த நினைவும் ஆட்சியினரைச் சிந்திக்க வைத்திருக்கும்.

திட்டமிட்ட முறைதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வழக்கத்திலே கட்டடக் கலைஞர் வரைந்து முடித்த பின்னரே பொதுமக்களுக்குப் படத்தைக் காட்டுவர். இங்கோ விருப்பங்கள் முன்னே வந்தன. வரைபடம் பின்னே வந்தது. சரக்குக் கொள்கலம் ஒன்று திட்ட அலுவலகமாயிற்று. அங்கே எவரும் களிமண்ணிலே தம் எண்ணத்தை உருவமைக்கலாம். வர இயலாதவர்களின் வீட்டுக்கே கருவிப் பெட்டியொன்று சென்றது. நள்ளிரவிலே யோசனை தோன்றுவோர்க்கெனத் தனித் தொலைபேசியும் இருந்தது! சிறுமி ஒருத்தி பழுத்த ஸ்ட்ரோபெரிப் பழ வடிவில் மரவீடு கேட்டாள். அது கைகூடவில்லை; ஆயினும் அக்கோரிக்கையும் ஏனையவற்றோடு சேர்த்துப் பேணப்பட்டது.

கசல் நகரின் டொக்குமென்டா கலைக்காட்சியில் 2002 இல் இம்முயற்சி இடம்பெற்றது. அடுத்த ஆண்டு டில்லியிலிருந்தும் ஆர்ஜென்டீனாவிலிருந்தும் இத்தகைய குழுவினர் ஹம்பேர்க்கிலே கூடி அனுபவங்களைப் பரிமாறினர். 2005 இல் பூங்கா திறக்கப்பட்டது. இரும்பாலான பனைமரங்களும், பறக்கும் கம்பளம் போல அலையாய் நெளியும் புற்றரையும் இன்று அங்கே உள.

ஆயினும் பூங்காவோடு இடர் தீரவில்லை. கலைஞர் வாழும் பகுதி என்ற புகழ் பரவப் பரவ, வீட்டு வாடகையும் உயரலாயிற்று. பழைய குடிகள் பெயர வேண்டிய நிலை தோன்றிற்று. நகரைச் சந்தைப்படுத்தத் தம் பெயரைப் பயன்படுத்தலாகாதெனக் கலைஞர் பலர் 2009 இல் கூட்டறிக்கை விடுத்தனர்; ஷேபரும் அவர்களுள் ஒருவர். அயலிலிருந்த ‘எஸ்ஸோ வீடுகள்’ என்னும் குடியிருப்புத் தொகுதி 2014 இல் இடிக்கப்பட்டபோது, அவரும் நண்பரும் மீண்டும் கொள்கலங்களை அவ்விடத்தருகே நிறுத்தி, குடிகளின் விருப்பங்களைக் கேட்டெழுதத் தொடங்கினர்.