சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு வகுப்பறை உதவியாளர்: நிதி எங்கிருந்து வருகிறது?

சக்கர நாற்காலியில் வரும் மாணவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார்? ஆசிரியர் பாடம் நடத்துகையில், கவனம் சிதறும் குழந்தையின் அருகில் அமர்வது யார்? கர்நாடக மாநிலம் மேல்கோட்டை போன்ற சிற்றூர்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் எதிர்கொள்ளும் கேள்விகள் இவை.

சட்டம் கூறுவது என்ன?

அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள், மாணவரின் தேவைக்கேற்ற தனிப்பட்ட ஆதரவை வழங்கச் செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலானோருக்கு இலவசக் கல்வி உரிமையும் உண்டு.

நிதி எவ்வளவு?

2018-இல் தொடங்கப்பட்ட சமக்ர சிக்ஷா திட்டமே முதன்மை நிதி ஆதாரம். கர்நாடகம், தமிழகம் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.3,500 வரை ஒதுக்கலாம். உதவிக் கருவிகள், கற்றல் பொருள்கள், போக்குவரத்து, துணையாள் படி ஆகியவை இதற்குள் அடங்கும். மாணவியருக்கு மாதம் ரூ.200 வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. சிறப்பாசிரியர்களின் ஊதியத்துக்கும் திட்டத்தில் நிதியுதவி உண்டு.

இடைவெளி எங்கே?

ரூ.3,500 என்பது மாதத்துக்கு ரூ.300-க்கும் குறைவு. இத்தகைய 5 மாணவர்கள் பயிலும் பள்ளியில் முழுத் தொகையையும் ஒன்றுசேர்த்தாலும் ஆண்டுக்கு ரூ.17,500 மட்டுமே. இதில் முழுநேர உதவியாளரை நியமிக்க இயலாது.

கர்நாடகத்தில் வட்டார வள மையங்களைச் சார்ந்த உள்ளடக்கிய கல்வி ஆசிரியர்கள் பல பள்ளிகளுக்குச் சென்று வருகின்றனர். அவர்கள் வராத நாள்களில் பொறுப்பு வகுப்பாசிரியர் மீதே விழுகிறது. சில குழந்தைகளுக்குத் தாயே துணையாகப் பள்ளிக்கு வர நேரிடுகிறது.

இங்கிலாந்தில், இத்தகைய மாணவர் ஒருவரின் கூடுதல் ஆதரவுக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை பள்ளி தன் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தேவைக்கு உள்ளாட்சி அமைப்பு நிதி வழங்குகிறது.

நீதிமன்றம் கூறியது

தொடக்கப் பள்ளிகளில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் குறிப்பிட்டது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. எனினும் இவ்விகிதம் கற்பிப்போருக்கானது. அன்றாடப் பராமரிப்பு உதவியாளருக்கானது அல்ல.

பெற்றோர் செய்யக்கூடியது

குறைபாட்டுச் சான்றிதழுடன், குழந்தைக்குத் தேவைப்படும் உதவியைத் தலைமையாசிரியரிடம் எழுத்துபூர்வமாகக் கோரலாம். உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.