வயல் பாசி சொல்லும் பாறைக் கணக்கு

பிசானப் பருவ நெல் நடவு முடிந்து தண்ணீர் தெளிந்து நிற்கிற வயலில் குனிந்து பார்த்தால், கணுக்கணுவாய் வட்டமாகக் கிளைவிட்ட ஒரு பச்சைப் பாசி கண்ணில் படலாம். நசுக்கினால் வழுக்காது, நறநறக்கும். பூண்டு வாடையும் அடிக்கும். தாவரவியலில் அதன் பெயர் காரா. நீரில் உள்ள சுண்ணாம்பு அதன் உடம்பில் படிவதால்தான் அந்த நறநறப்பு. பிரியாணிக்குப் போடும் கல்பாசி வேறு, இது வேறு.

பாசி அழுகினாலும் அதன் காய் அழுகாது. ஐந்து சுண்ணாம்பு இழைகள் கைமுறுக்குப் போல இடப்பக்கமாகச் சுற்றிய மணி அது. பெரும்பாலும் கடுகை விடச் சிறியது. இதன் புதைபடிவத்தை ஏதோ நீர்வாழ் உயிரின் ஓடு என்று நினைத்த பிரெஞ்சு அறிஞர் லமார்க், கைரோகோனைட் என்று பெயர் வைத்தார். அது காராவின் காய் என்று 1812-இல் சொன்னவர் லெமான்.

மணியின் பருமன், உச்சி, வரிகள் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. வலப்பக்கம் சுற்றிய இனங்கள் டைனோசர்களுக்கு முன்பே அற்றுப்போயின. ஆதிச்சநல்லூரில் பானை ஓட்டைப் பார்த்து மண்ணடுக்கின் காலத்தை மதிப்பிடுகிறார்கள் அல்லவா? அதே வேலைதான் இங்கும். பாறையை ஊறவைத்து, சல்லடையில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் மணி பொறுக்குகிறார்கள். கடற்பாறையின் வயதைச் சொல்லக் கைகொடுக்கும் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு ஏரிப் படிவில் கிடைக்காது என்பதால் இந்த மணிக்கு மதிப்பு அதிகம்.

தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய அடுக்குகளுக்கு இடையே பழைய ஏரிப் படிவுகள் சிக்கியிருக்கின்றன. கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி அருகே கிடைத்த மணிகளைக் கே. ஸ்ரீபாத ராவும் எஸ்.ஆர். நாராயண ராவும் 1939-இல் விவரித்தார்கள். தக்காண எரிமலை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்ததா, அதற்குப் பிந்தியதா என்று அப்போது பெரும் விவாதம். தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பால் சாஹ்னி பிந்தியது என்ற கட்சி.

நாக்பூர்ப் பக்கத்து ஏரிப் படிவுகளில் கிடைக்கும் பிளாட்டிகாரா பேரினம் ராஜமுந்திரியிலும் உண்டு. ராஜமுந்திரியில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளும் சேர்ந்தே கிடைப்பதால், ஏரிக் கணக்கைக் கடல் கணக்கோடு ஒத்துப்பார்க்க முடிந்தது. 2008-இல் கெர்டா கெல்லர் குழு வெளியிட்ட ஆய்வு, முக்கியமான எரிமலைப் பெருக்கை டைனோசர்கள் மறைந்த எல்லையை ஒட்டி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையதாகக் கணித்தது. சாஹ்னி நினைத்ததைவிடப் பழையது.

தாமிரபரணிக் கரைப் பாறையில் இந்த மணியைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பாறைகளுக்கு வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். காரா வகைப் பாசிகளின் தடயமோ சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் தொடங்குகிறது. வயல் சேற்றில் படிந்துகொண்டிருப்பவை இந்த வருடத்து மணிகள்.