மன்னார்க் கரையில் மூன்று நாட்கள்

விடுமுறை என்றதும் எம்மவர் நுவரெலியாவையும் நிலாவெளியையும் பாசிக்குடாவையும் நினைக்கின்றனர். யாழ்ப்பாணத்தவராயின், கசூரினாக் கடற்கரையோ கீரிமலைக் கேணியோ போதும் என்பர். மன்னாருக்குக் குடும்பத்தோடு உல்லாசமாகச் சென்று தங்கி வந்தோம் என்று கூறுவோர் மிகச் சிலரே. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. வெளியூரவர்க்கு மன்னார் நெடுங்காலம் தங்கும் ஊராக இருந்ததில்லை. கடந்து செல்லும் ஊராகவே இருந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறியோரும் அங்கிருந்து வந்திறங்கியோரும் அதனூடே இரவோடிரவாகப் புகைவண்டியிற் போயினர். அதன்பின் போர் வந்தது. பலருக்குப் போக வழியே இல்லாமற் போயிற்று.

இன்று வழி உண்டு. அண்மையில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்த்தபோது, எண்பதைக் கடந்த அம்மம்மா முதல் நான்கு வயதுப் பூட்டப்பிள்ளை வரை பதினான்கு பேர் மன்னாருக்குப் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து ஒரு வான். யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மற்றொரு வான். ரொறன்ரோவிலிருந்து பெரிய மாமாவின் குடும்பமும் வந்து கொழும்பு வானிற் சேர்ந்துகொண்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்தவர் வவுனியாவைச் சுற்றாமலே மன்னாரை அடைய முடிகின்றது.

தாம்போதியைக் கடந்து

பெருநிலப்பரப்பையும் மன்னார்த் தீவையும் இணைப்பது சுமார் மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதி. பழைய பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது. இன்றுள்ள புதிய பாலம் யப்பானிய உதவியுடன் கட்டப்பெற்று 2010 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்டது. இருபுறமும் ஆழமற்ற நீர், அந்நீரிலே பறவைகள்.

அண்டையில் உள்ள வங்காலைச் சதுப்புநிலம் 2008 இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மாரிக்காலத்தில் வடதிசை நாடுகளின் குளிருக்கு அஞ்சிப் பறவைகள் இங்கே வருகின்றன. நாங்கள் சென்ற மாசி மாதத்தில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. வானை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் கூச்சலிட்டனர். பூநாரைக்கு அச்செந்நிறம் பிறவியில் வருவதன்று, அது உண்ணும் சிற்றிறால், பாசி முதலியவற்றில் உள்ள நிறப்பொருளால் வருவது என்று சின்னம்மா விளக்கியதும், "அப்படியானால் நாங்களும் இறால் சாப்பிட்டுச் சிவப்போம்!" என்றான் ஒரு மருமகன்.

பெருக்க மரமும் ஒடியற்கூழும்

மன்னார் நகரில் முதலிற் காணத்தக்கது பள்ளிமுனைப் பெருக்க மரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். உயரத்தில் ஒரு சிறு வீட்டளவே. ஆனால் அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கும் அதிகம். எங்கள் பதினான்கு பேரும் கைகோத்து நின்றாலும் அதனைச் சுற்றி வளைப்பது அரிது என்று பிள்ளைகள் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினர். தெருவெங்கும் தம் விருப்பப்படி உலாவும் கழுதைகளைக் கண்டதும் அந்தக் கணக்கும் மறந்துபோயிற்று. ஒருகாலத்தில் பொதி சுமந்த அவ்வினம், லொறிகள் வந்தபின் வேலையிழந்து ஊர்ச்சுற்றியாயிற்று.

போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, ஒல்லாந்தர் 1658 இற் கைப்பற்றிய கோட்டையை மாலையிற் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். அன்றிரவு ஒடியற்கூழ். ஒடியல் மாவை அம்மம்மா வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். நண்டும் இறாலும் மீனும் மன்னார்ச் சந்தையிலே வாங்கினோம். முற்றத்திற் பெரிய பானை ஏற்றி, எல்லோரும் சுற்றியிருந்து, பனையோலைப் பிளாவிற் குடித்தோம். கனடாப் பிள்ளைகள் உறைப்புத் தாளாமற் கண்ணீர் வடித்தனர். ஆயினும் பிளாவைக் கீழே வைத்தாரில்லை.

அக்கூழைச் சுற்றித்தான் மறுநாட் பயணம் பற்றிய பேச்சு எழுந்தது. தலைமன்னாருக்குப் போவோம் என்றனர் பலரும். பெரிய மாமா மட்டும், தாம் விடுதியிலேயே இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அவர் முன்னர் மன்னாரிலே ஆசிரியராய் இருந்தவர். 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. சில வாரங்களின் பின், மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தலைமன்னார்க் கரையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் இருளிலே புறப்பட்டார். இராமேசுவரம், மண்டபம் அகதி முகாம், பின்னர் கனடா. அந்தக் கரையை அதன்பின் அவர் கண்டதில்லை.

தலைமன்னார்த் துறையில்

மறுநாட் காலை எல்லோரும் வானில் ஏறியபோது அம்மம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "மணலிலை நடக்க என்ரை கையைப் பிடிக்க ஆள் வேணும். வா தம்பி" என்று மகனை அழைத்தார். பதில் எதுவும் கூறாமல் மாமா வந்து ஏறிக்கொண்டார்.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வழிநெடுகப் பனைகளும் தென்னைகளும், பேசாலையிலே கருவாடு காயும் வாசனையும். தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாய்ச் சுழல்கின்றன. 'தம்பபவனி' எனப்படும் இவை 103.5 மெகாவாற்று மின்வலுக் கொண்டவை. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் தீவின் மணலிலுள்ள கனிமத்தை அகழ்வதையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் போராட்டம் நடத்தினர். தாழ்ந்த மணற்றீவில் வாழ்வோர்க்கு மணலே நிலம். அவர்கள் கவலை விளங்காததன்று.

தலைமன்னார்த் துறையை இளந்தலைமுறையினர் பலர் அறியார். 1914 இல் இந்திய-இலங்கைப் படகு அஞ்சற் சேவை தொடங்கியபோது, சென்னையிற் புகைவண்டி ஏறுபவர் தனுஷ்கோடிக்கு வந்து, கப்பலிற் கடல் கடந்து, தலைமன்னாரில் மறுபடி புகைவண்டி ஏறிக் கொழும்பை அடைந்தனர். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் வந்த புகைவண்டி ஒன்றையும் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1980களிற் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. 1990 இல் நின்ற புகைவண்டிப் பாதை, திருத்தப்பட்டு 2015 மார்ச் மாதத்திலே துறைவரை மீளத் திறக்கப்பட்டது. கப்பல் மட்டும் திரும்பி வரவில்லை. 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவை நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்டதாகும்.

இத்துறையைப் பற்றிப் பேசும்போது மலையக மக்களை மறத்தல் ஆகாது. 19 ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்கென வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அவர்களின் சந்ததியார் இத்துறையிலேயே கப்பலேறினர். 2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது.

பழைய துறை சிதைந்து கிடக்கின்றது. 1915 இல் எழுந்த வெளிச்சவீடு அருகே நிற்கின்றது. அம்மம்மா மகனின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 1962 இல், மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போகும் புதுமணப் பெண்ணாய் அவர் இங்கே வந்திருக்கிறார். மதவாச்சிச் சந்தியிலே வண்டி மாறியதையும், சுமார் இரண்டு மணி நேரக் கப்பற் பயணத்தில் மயங்கிக் கிடந்ததையும், திரும்பும்போது தங்கைக்குக் கும்பகோணத்திற் கூறைச்சேலை வாங்கி வந்ததையும் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். "இஞ்சைதான் நானும் உங்கடை அம்மப்பாவும் ட்ரங்குப் பெட்டியோடை நிண்டனாங்கள்" என்று அவர் காட்டிய இடத்திற் பிள்ளைகள் போய் நின்று பார்த்தனர்.

அதற்குப் பின்னரே பெரிய மாமா வாய் திறந்தார். படகு புறப்பட்ட இடம் அந்தத் துறையன்று. சற்றுத் தள்ளி, மணற்கரை. எல்லோரும் அங்கே நடந்தோம். எத்தனை பேர் இருந்தனர், குழந்தை அழாதிருக்க வாயில் என்ன வைத்தனர், விளக்கின்றி எவ்வாறு கரைசேர்ந்தனர் என்பனவற்றை அவர் சொல்ல நாங்கள் முதன்முறையாகக் கேட்டோம். அன்று ஆறு மாதக் குழந்தையாய் இருந்தவள் இன்று நான்கு வயது மகளோடு அதே மணலில் நின்றாள். அவளும் அக்கதையை அதற்குமுன் முழுதாகக் கேட்டதில்லை. சிறிது நேரத்திற் குழந்தை அலையைக் காட்டி அடம்பிடிக்க, முழங்கால் அளவு நீரில் அவளை இறக்கிவிட்டனர். தாத்தாவும் காற்சட்டையை மடித்துக்கொண்டு கூட இறங்கினார்.

இரு படகுகள்

அன்று மாலை விடுதிக்கு மீன் கொண்டுவந்தவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர். மாமா மன்னாரிற் படிப்பித்தவர் என அறிந்ததும், "மாஸ்டர்" என்று அழைத்துப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். மாமா அவரை "நானா" என்றார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, அவரும் குடும்பத்தோடு படகேறிக் கற்பிட்டிக்குப் போனவர். புத்தளத்து முகாமில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 2009 இற் போர் ஓய்ந்தபின் ஊர் திரும்பியவர்.

ஒரே ஆண்டில் ஒருவர் படகு மேற்கே போயிற்று. மற்றவர் படகு தெற்கே போயிற்று. தாம் விட்டுச்சென்ற வீட்டின் கதவு நிலையும் இல்லாதிருந்ததைப் பெரியவர் சொன்னார். மாமா தம் பாடசாலை மாணவர் சிலரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். சிலர் இருக்கின்றனர், சிலர் இல்லை. இரவு உணவுக்கு இருக்கும்படி அம்மம்மா கேட்க, தொழுகைக்கு நேரமாயிற்று என்று விடைபெற்று, மறுநாட் காலை பிள்ளைகளுக்கென ஒரு பை நிறையத் தொதல் கொண்டுவந்து கொடுத்துச் சென்றார்.

பாலாவிக் கரை

ஞாயிறு காலை தாம்போதியைத் திரும்பக் கடந்து திருக்கேதீச்சரம் சென்றோம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம். பண்டைய மாதோட்டத் துறைமுகம் இருந்த இடமும் இதுவே. 16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை அழித்தனர். காடு மூடிக் கிடந்த தலத்தை மீளக் கட்டியெழுப்புமாறு 1872 இல் ஆறுமுக நாவலர் சைவ மக்களை வேண்டினார். நெடுங்காலத் திருப்பணிகளின் பின் 2022 ஜூலையிற் கும்பாபிஷேகம் நடைபெற்றது. சிவராத்திரியன்று அடியார் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் ஏந்திவந்து தாமே இலிங்கத்துக்கு வார்க்கும் வழக்கம் இங்குண்டு. அம்மம்மா பாலாவியிற் காலை நனைத்தார். கேதீச்சர நாதரையும் கௌரியம்பிகையையும் வணங்கி, நண்பகலில் ஒரு வான் வடக்கேயும் மற்றொன்று தெற்கேயும் பிரிந்தன.

செல்வோர்க்குச் சில வார்த்தைகள்

மன்னாருக்குச் செல்ல நினைப்போர் காற்றை அறிந்து செல்லுதல் நலம். சோழகம் வீசும் வைகாசி முதற் புரட்டாதி வரை தென்கரைக் கடல் கொந்தளிக்கும்; அப்போது வடபுறத்துக் கீரிக் கடற்கரை குழந்தைகளுக்கு ஏற்றது. வாடைக்காலத்தில் இது மாறும். பறவைகளைக் காண விரும்புவோர் மார்கழி முதல் மாசிக்குள் செல்லலாம். நிழல் குறைந்த ஊராதலால் தொப்பியும் குடிநீரும் வேண்டும். தீவின் முனையிற் கடல்நீரோட்டம் வலியது. அங்கே ஊரவரைக் கேளாமல் இறங்கலாகாது. ஒரு நாள் மிஞ்சினால் அரிப்புக்குச் செல்லலாம். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டிய மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பர். கடலரிப்பால் அது ஆண்டுதோறும் இடிந்துவருகின்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியவர் இருப்பின் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தனுஷ்கோடிக் கப்பலில் ஏறியோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். 1990 இற் படகேறிய இளைஞர் இன்று முதுமையை எட்டிவிட்டனர். அவர்கள் வீட்டுத் திண்ணையிற் சொல்ல மறுக்கும் கதைகளை அந்த மணலில் நிற்கும்போது சொல்லக்கூடும். பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அடுத்த பயணத்துக்கு இடம் தேடும் குடும்பங்கள் மன்னாரை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.