மானிட்டர்ல சத்தம் கரகரக்குதா?

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரோடு இணைச்சு டெமோ வீடியோவை ஓடவிட்டா, குரல் கரகரன்னு உடைஞ்சு கேட்குது. உடனே புது கேபிள் வாங்க ஓடாதீங்க.

ஹெச்டிஎம்ஐ படத்தோடு சேர்த்து ஒலியையும் டிஜிட்டலாகவே கொண்டுபோகும். கேபிளைச் செருகினதும் விண்டோஸ் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே ஒலியை மானிட்டருக்குத் திருப்பிவிடும். அதனால டாஸ்க்பாரில் இருக்கிற ஸ்பீக்கர் ஐகானில் போய், ஒலியை மறுபடி லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாத்திக் கேளுங்க. அங்கேயும் கரகரன்னா கோளாறு வீடியோவிலோ லேப்டாப்பிலோ இருக்கு, மானிட்டர் பாவம். அங்கே சரியா இருந்தா, திரும்ப மானிட்டருக்கு மாத்தி, அதோட ஹெட்போன் ஜாக்கில் இயர்போனைச் செருகுங்க. இப்போ தெளிவா கேட்டா குற்றவாளி மானிட்டரின் குட்டி ஸ்பீக்கர்தான். பல மானிட்டர்களில் அது வெறும் 2 வாட். வால்யூமைக் குறைச்சாலே போதும்.

இயர்போனிலும் உடையுதா? சவுண்ட் செட்டிங்ஸில் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் செய்யுங்க. ஃபார்மேட்டை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் ஆக்குங்க. அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவர். ஹெச்டிஎம்ஐ ஒலி அதன் வழியாத்தான் போகுது. ரியல்டெக் டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிப் பயனில்லை (நிறைய பேர் இங்கேதான் ஒரு ராத்திரியைத் தொலைக்கிறோம்).

கேபிள் கடைசி சந்தேகம்தான். அது கெட்டிருந்தா ஒலி விட்டுவிட்டு வரும், பெரும்பாலும் படத்திலும் புள்ளிகள் மின்னும்.

ரிவ்யூவுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கா? படம் மானிட்டரில் ஓடட்டும், ஒலியை லேப்டாப் ஸ்பீக்கரிலேயே விட்டுடுங்க.