தட்டணுவும் மாத்திரையும்

சாலாக் செலாத்தானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும், இருதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு, ‘இரத்தம் நீர்த்துப்போவதற்கான’ மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கிவரும் பெரியவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. உண்மையில் அம்மாத்திரைகள் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. இரத்தத்தின் ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை உலவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதவாறு தடுக்கின்றன. காயத்தை அடைத்து உயிர்காக்கும் அவ்வணுக்களே, தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போதும் அதே கடமையைச் செய்யப்போய், மாரடைப்புக்குக் காரணமாகிவிடுகின்றன.

தலைவலிக்கென்று வீட்டில் வைத்திருந்த ஆஸ்பிரின், தட்டணுவிலுள்ள ஒரு நொதியை முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணுவால் அந்நொதியைப் புதிதாக ஆக்கிக்கொள்ள இயலாமையால், ஏழு முதல் பத்து நாள் வரையிலான அதன் ஆயுள் முழுவதும் அம்முடக்கம் நீடிக்கிறது. மாரடைப்புற்ற 17,187 பேரிடம் நடந்து 1988-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் கொடுத்த ஆஸ்பிரின் இருதய, இரத்தக்குழாய் மரணங்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது.

பின்னர், கேரளத்திற் பிறந்து பெங்களூரில் வைத்தியம் பயின்ற சலீம் யூசுஃப் தலைமையில் 2001-இல் வெளியான ஆய்வு, ஆஸ்பிரினோடு, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மற்றொரு மருந்தான குளோப்பிடோகிரெலையும் சேர்த்தால் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை நூற்றுக்கு 11.4-இலிருந்து 9.3 ஆகக் குறைவதைக் காட்டியது. கடும் இரத்தப்போக்கோ 2.7-இலிருந்து 3.7 ஆக உயர்ந்தது. இவ்விரு எண்களின் இழுபறியே இம்மருந்துகளின் சரித்திரம். குளோப்பிடோகிரெல் கல்லீரலில் மாற்றமடைந்தாலன்றி வேலை செய்யாது. பரம்பரையாக அம்மாற்றம் குன்றியவர்கள் ஐரோப்பியரினும் ஆசியரிடையே அதிகம். அத்தடையைக் கடந்து நேரடியாகச் செயற்படும் டிக்காகிரெலர் 2009-இல் தன் வலிமையை நிரூபித்தது. 2019-இல் வெளியான ஆய்வொன்றோ, ஸ்டென்ட் பொருத்தி மூன்று மாதம் இரு மருந்துகளையும் உண்டபின் ஆஸ்பிரினை நிறுத்தி டிக்காகிரெலரை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு இரத்தப்போக்கு கணிசமாகக் குறைந்ததையும், மாரடைப்பு மிகாததையும் எடுத்துரைத்தது.

டிங்கிக் காய்ச்சல் ஓயாத கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வறிவு ஏட்டோடு நிற்கலாகாது. டிங்கியில் தட்டணுக்கள் தாமே குறைந்து இரத்தப்போக்கின் அபாயம் பெருகும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ ஸ்டென்ட் அடைபடும் அபாயம் எழும். ஆகவே காய்ச்சல் கண்டவுடன், அண்டை வீட்டார் ஆலோசனையை நம்பி மாத்திரையை நிறுத்தாமலும், வலிக்கென்று கூடுதல் ஆஸ்பிரின் விழுங்காமலும், தாம் உண்ணும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே கிளினிக்கிற்குச் சென்று, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை வைத்தியரிடம் கேட்டு நடப்பதே விவேகம்.