'யூதர்னாலே பணக்காரங்கதானே ப்ரோ?' - பாராட்டு மாதிரி வர்ற முத்திரையும், அதை எதிர்கொள்ளும் வழிகளும்!

'ஃப்ரெண்ட்ஸ்' சீரிஸ் பார்த்தவங்களுக்கு ராஸ் கெல்லரோட அந்த அர்மடில்லோ வேஷம் மறக்கவே மறக்காது. மகன் பென்னுக்கு யூதர்களோட ஹனுக்கா பண்டிகையைப் பத்திச் சொல்லிக்கொடுக்க ராஸுக்கு ஆசை. பையனுக்கோ சான்டாதான் வேணும். சான்டா டிரெஸ் எங்கேயும் கிடைக்காம, கடைசியில் அர்மடில்லோவா வந்து நிற்பார் மனுஷன். 2000-ல் வந்த அந்த எபிசோடைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம். ஆனா, ஊரே ஒரு பண்டிகை கொண்டாடும்போது 'எங்க வீட்டுல வேற'ன்னு சொல்ல வேண்டியிருக்கிற ஒரு அப்பாவோட நிஜக் கஷ்டம் அதுக்குள்ளே இருக்கு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழுற யூதர்களுக்கு இது தினசரி அனுபவம். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர், காலேஜ் ரூம்மேட்னு நல்லவங்ககிட்டருந்தே வரும். 'நீங்க யூதரா? அப்போ காசு விஷயத்துல கில்லாடியா இருப்பீங்களே!' திட்டினா சண்டை போடலாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா என்ன பண்றது?

500 பேரில் ஒருத்தர்

உலகத்துல யூதர்கள் மொத்தமே ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது, சுமார் 500 பேருக்கு ஒருத்தர். அதிலும் பெரும்பாலானவங்க இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய ரெண்டு நாடுகளில்தான் இருக்காங்க. அதனால, நிறைய பேருக்கு யூதர்களைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் நேர்ல பழகித் தெரிஞ்சது கிடையாது. சினிமா, ஜோக், ஃபார்வேர்டு மெசேஜ் வழியா வந்ததுதான். 'யூதக் கர்ப்பிணிகள் தினமும் கணக்குப் போடுவாங்க, அதான் குழந்தைங்க புத்திசாலியா பிறக்குது'ன்னு ஒரு மெசேஜ் நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்களிலும் சுத்தும். ஆதாரமே இல்லாத கதை அது.

இந்தப் பணக் கதை எங்கே ஆரம்பிச்சது?

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் வட்டிக்குக் கடன் கொடுக்கிறதைத் திருச்சபை பாவம்னு சொல்லுச்சு. 1179-ல் கூடிய லாத்தரன் சங்கம், வட்டித்தொழில் செய்றவங்களைத் திருச்சபையில இருந்தே விலக்கணும்னு முடிவெடுத்தது. அதே காலத்துல பல ஊர்களில் யூதர்கள் நிலம் வாங்க முடியாது, கைவினைஞர் சங்கங்களில் சேர முடியாது. மிச்சம் இருந்தது வியாபாரமும் வட்டித்தொழிலும். ராஜாக்களும் அவங்ககிட்ட வரியை வாங்கிக் குவிச்சாங்க. தேவை முடிஞ்சதும் விரட்டினாங்க. 1290-ல் இங்கிலாந்து தன் நாட்டு யூதர்கள் மொத்தப் பேரையும் வெளியேத்தியது.

அதுக்கு முந்நூறு வருஷம் கழிச்சுத்தான் ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை எழுதினார். அதுல வர்ற கந்துவட்டிக்காரர் ஷைலாக்கைப் பார்த்துக் கைதட்டின லண்டன் ரசிகர்களில் பெரும்பாலானவங்க வாழ்க்கையில் ஒரு யூதரைக்கூட நேர்ல பார்த்திருக்க வாய்ப்பில்லை! ஒரு சமூகத்தைச் சட்டம் போட்டு ஒரு மூலைக்குத் தள்ளிட்டு, 'இவங்க ரத்தத்துலயே இது ஊறியிருக்கு'ன்னு சொன்ன கதைதான் இது.

நிஜம் என்னன்னா, எல்லாச் சமூகத்தையும் போல இங்கேயும் ஏழைங்க இருக்காங்க. கஷ்டப்படுற யூதக் குடும்பங்களுக்கு உதவுறதுக்காகவே நியூயார்க்கில் 1972-லிருந்து ஒரு அமைப்பு இயங்குது.

பாராட்டுதானே, அதுல என்ன தப்பு?

போலந்தில் ஒரு வழக்கம் இருக்கு. காசு எண்ணுற யூதர் படத்தை வாங்கி, பணம் வரணும்னு வீட்டிலும் கடையிலும் மாட்டுவாங்க. 'இது அதிர்ஷ்டத்துக்கு, இதுல வெறுப்பு எதுவும் இல்லை'ன்னுதான் சொல்வாங்க. ஆனா, இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி அந்த நாட்டுல சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தாங்க. அதுல ஏறக்குறைய 30 லட்சம் பேரை நாஜிக்கள் கொன்னாங்க. மனுஷங்க போய்ட்டாங்க, காசு எண்ணுற படம் மட்டும் சுவர்ல இருக்கு. ஒரு யூதருக்கு அதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும்?

'பணத்துல கில்லாடி'ங்கிற பாராட்டு, 'உலகப் பணமே அவங்க கையில்தான்'னு மாற ரொம்ப நேரம் ஆகாது. 1903-ல் ரஷ்யப் பத்திரிகை ஒண்ணுல வந்த 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' அப்படிப்பட்ட போலி ஆவணம்தான். அது வேற ஒரு புத்தகத்தைக் காப்பியடிச்சதுன்னு 1921-லேயே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. ஆனாலும் ஹிட்லரின் ஆட்சி அதையே பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கிட்டது. அதனாலதான் சின்ன ஜோக்கும் அவங்களுக்குச் சின்னதாத் தெரியுறதில்லை.

'பார்த்தா யூதர் மாதிரியே இல்லையே!'

அடிக்கடி வர்ற இன்னொரு டயலாக் இது. யூதர்னா வெள்ளைத்தோல், வளைஞ்ச மூக்கு, கறுப்புத் தொப்பின்னு ஒரு கார்ட்டூன் மனசுல இருக்கு. 1991-ல் எத்தியோப்பியாவில் இருந்து சுமார் 36 மணி நேரத்துல 14,000-க்கும் அதிகமான கறுப்பின யூதர்கள் விமானத்துல இஸ்ரேல் போனாங்க. 1971 போரில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய முக்கியக் காரணமா இருந்த நம்ம ராணுவ அதிகாரி ஜே.எஃப்.ஆர்.ஜேக்கப், கொல்கத்தா யூதர்.

கொங்கண் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்தவங்க. சனிக்கிழமை மட்டும் வேலை செய்ய மாட்டாங்க. அதனால அக்கம்பக்கத்தினர் அவங்களுக்கு வெச்ச பேர் 'சனிவார் தேலி', அதாவது 'சனிக்கிழமை செக்குக்காரங்க'. பக்கத்துல வாழ்ந்தவங்க கண்ணால பார்த்து வெச்ச பேர் அது. அதுல பணமும் இல்லை, சதியும் இல்லை.

அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

* திருப்பிக் கேட்கிறது: 'புரியலையே, ஏன் அப்படிச் சொல்றீங்க?' கோபமில்லாத இந்த ஒரு கேள்வி போதும். ஜோக்கை விளக்கச் சொன்னா, சொன்னவருக்கே அது எவ்வளவு அபத்தம்னு புரிஞ்சுடும்.

* தனியாப் பேசுறது: நெருங்கின நண்பர்னா, கூட்டத்துல வெச்சுத் திருத்தாம, அப்புறமா 'நீ சொன்னது கஷ்டமா இருந்துச்சு'ன்னு சொல்லலாம். நட்பும் தப்பிக்கும்.

* 'நீங்களே உங்களைக் கிண்டல் பண்றீங்களே?': யூத காமெடியன்கள் தங்கள் அம்மாக்களைக் கலாய்ப்பது பிரபலம். ஆனா, எங்க அம்மாவை நான் கலாய்க்கிறதும் நீங்க கலாய்க்கிறதும் ஒண்ணு இல்லையே!

* பதில் சொல்லாம இருக்கிறது: இதுவும் உரிமைதான். ஒவ்வொரு முறையும் ஒரு இனத்துக்கே வக்கீலா நிக்கணும்னு கட்டாயம் இல்லை. முக்கியமா, இஸ்ரேல் அரசு செய்றதுக்கு எல்லாம் எதிர்வீட்டு யூதர்கிட்ட விளக்கம் கேட்கிறது. ஒரு அரசைத் தாராளமா விமர்சிக்கலாம். ஆனா, அதுக்கு நியூஜெர்சியில் இருக்கிற பல் டாக்டர் ஏன் பதில் சொல்லணும்?

* மிரட்டலா மாறினா: கிண்டல் எல்லை மீறினா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சு, நிறுவனத்துலயோ போலீஸ்லயோ புகார் கொடுக்கிறதுதான் வழி.

நீங்க அந்த ஃப்ரெண்டா இருந்தா?

வெளிநாட்டுல படிக்கிற, வேலை பார்க்கிற நம்மாளுங்க நிறைய பேருக்கு யூத நண்பர்கள் இருப்பாங்க. முதல்ல காலண்டரைக் கவனிங்க. ஹனுக்கா, 'யூதர்களோட கிறிஸ்துமஸ்' கிடையாது. அவங்களுக்கு அது சின்னப் பண்டிகைதான். ரொம்பப் புனிதமானது, செப்டம்பர் - அக்டோபரில் வர்ற யோம் கிப்பூர் நோன்பு. 1965-ல் பேஸ்பால் ஸ்டார் சாண்டி கோஃபாக்ஸ், உலகத் தொடரோட முதல் மேட்ச்சே அந்த நாளில் வந்ததால ஆட மாட்டேன்னுட்டார். அப்படிப்பட்ட நாளில் டீம் லஞ்ச் வெச்சுட்டு 'ஏன் வரலை?'ன்னு கேட்காதீங்க.

சாப்பாட்டிலும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் கோஷர் விதிகளைக் கண்டிப்பா பார்ப்பாங்க, சிலர் பார்க்க மாட்டாங்க. 'நீங்க என்ன சாப்பிடுவீங்க?'ன்னு நேரா கேட்டுடுறதே மரியாதை.

எல்லாத்தையும்விட முக்கியம், யாராவது அந்தப் பண ஜோக்கை அடிக்கும்போது, நண்பர் பதில் சொல்றவரைக்கும் காத்திருக்காம 'இதுல சிரிக்க என்ன இருக்கு?'ன்னு நீங்க கேளுங்க. பாதிக்கப்பட்டவரே சொன்னா, 'ஓவர் சென்சிட்டிவ்'னு ஒதுக்கிடுவாங்க. பக்கத்துல இருக்கிறவர் சொன்னா, கொஞ்சம் யோசிப்பாங்க. அவரும் அன்னைக்கு ஒருநாளாவது விளக்கம் சொல்லாம நிம்மதியா சாப்பிட்டு முடிப்பார்!